மேட்பிளாட்லிப் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால்: பேக்கெண்ட் கிராஷைக் கண்டுபிடிப்பது எப்படி?

மேட்பிளாட்லிப் என்பது பைத்தானில் வரைபடம் வரையும் லைப்ரரி; படத்தை வரைந்து திரையில் காட்டும் அதன் அடிப்பகுதிதான் பேக்கெண்ட். புரோகிராம் நிற்கும்போது டிரேஸ்பேக் (பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் பட்டியல்) வந்தால் கவலையில்லை, அது பைத்தான் பிழை. வரி எண்ணைப் பார்த்துத் திருத்திவிடலாம். ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று ஒரே வரியைக் காட்டிவிட்டு புரோகிராம் மொத்தமாக நின்றுவிட்டால், கோளாறு பைத்தானுக்குக் கீழே உள்ள சி, சி++ அடுக்கில் இருக்கிறது. ட்ரை, எக்செப்ட் போட்டு அதைப் பிடிக்க முடியாது. எந்த அடுக்கு விழுந்தது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கீழே உள்ள கட்டளைகள் லினக்ஸுக்கானவை.

படி 1: டெர்மினலில் ஓட்டுங்கள்

கெர்னல் நின்றுவிட்டது என்பதற்கு மேல் ஜூபிட்டர் நோட்புக் அதிகம் சொல்லாது. நிரலைத் தனி ஃபைலாகச் சேமித்து டெர்மினலில் ஓட்டுங்கள். நின்றவுடன் எக்கோ கட்டளைக்குப் பின் டாலர் குறியும் கேள்விக்குறியும் சேர்த்துத் தட்டினால் எக்ஸிட் கோடு தெரியும். 139 என்றால் 128 + 11: தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. 134 என்றால் 128 + 6: ஒரு லைப்ரரி தானே ஓட்டத்தை முறித்திருக்கிறது. 134 வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. முறிப்பதற்கு முன் காரணத்தைப் பெரும்பாலும் திரையில் எழுதியிருக்கும். மேலே நகர்த்திப் பாருங்கள்.

படி 2: பேக்கெண்டை மட்டும் மாற்றுங்கள்

படத்தை வரைவது ஒரு வேலை, அதை ஜன்னலில் காட்டுவது இன்னொரு வேலை. க்யூடிஏஜிஜி பேக்கெண்டில் வரைவது ஏஜிஜி என்ற லைப்ரரி, ஜன்னல் திறப்பது க்யூடி என்ற லைப்ரரி. இரண்டையும் பிரித்துவிட்டால் விடை பாதி கிடைத்த மாதிரி.

எம்பிஎல்பேக்கெண்ட் என்ற சூழல் மாறியில் ஏஜிஜி என்று வைத்து, ஷோ வரிக்குப் பதில் சேவ்ஃபிக் போட்டு பிஎன்ஜி ஃபைலாகச் சேமியுங்கள். நிரலுக்குள் மேட்பிளாட்லிப்.யூஸ் வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். அது சூழல் மாறியை மீறிவிடும். நீங்கள் மாற்றியதாக நினைத்த பேக்கெண்ட் மாறியே இருக்காது. உறுதிசெய்ய கெட்_பேக்கெண்டை அச்சிட்டுப் பார்க்கலாம்.

பிஎன்ஜி ஒழுங்காக வந்தால் சந்தேகம் ஜன்னல் அடுக்கின் மேல். ஜன்னலை டிகே லைப்ரரியால் திறக்கும் டிகேஏஜிஜியில் ஓடி, க்யூடிஏஜிஜியில் மட்டும் விழுந்தால் க்யூடி பக்கம் போங்கள். வெறும் ஏஜிஜியிலும் விழுந்தால் எண் கணக்குக்கான லைப்ரரியான நம்பையின் பதிப்பைப் பாருங்கள். 2024இல் வந்த நம்பை 2.0, பழைய 1.x பதிப்புக்காகக் கம்பைல் செய்த நீட்சிகளோடு ஒத்துப்போகாது. புதிய வர்ச்சுவல் என்வைரன்மென்ட் (தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கி எல்லாவற்றையும் புதிதாக நிறுவுவதுதான் சுருக்கு வழி. பழையதை ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தால் நாள்தான் போகும்.

படி 3: ஃபால்ட்ஹேண்ட்லர்

புரோகிராம் விழும் இடத்தைக் காட்டும் இந்தக் கருவி பைத்தான் 3.3 முதலே கூடவே வருகிறது. பைத்தான் கட்டளையோடு ஹைஃபன், பெரிய எழுத்து எக்ஸ், இடைவெளி, ஃபால்ட்ஹேண்ட்லர் என்று கொடுத்து ஓட்டுங்கள். விழும் நொடியில் எந்தப் பைத்தான் வரி ஓடியது என்று காட்டும்.

புதியவர்கள் ஏமாறும் இடம் இது: வழக்கமான டிரேஸ்பேக்கில் கடைசி அழைப்பு அடியில் இருக்கும்; இதில் உச்சியில் இருக்கும். ஆக, அழைப்புப் பட்டியலின் முதல் வரியைப் படியுங்கள். அங்கே பேக்கெண்ட்_ஏஜிஜி ஃபைலின் டிரா_பாத் தெரிந்தால் வரைதலில் கோளாறு. பேக்கெண்ட்_க்யூடி ஃபைலின் கிரியேட்_க்யூஆப் தெரிந்தால் க்யூடி தொடங்கவே இல்லை.

படி 4: க்யூடி தொடங்கவில்லை என்றால்

அடிக்கடி கண்ணில் படும் செய்தி, லினக்ஸில் ஜன்னல் திறக்க க்யூடி பயன்படுத்தும் எக்ஸ்சிபி பிளக்இன் ‘கிடைத்தது, ஆனால் ஏற்ற முடியவில்லை’ என்பது. பிளக்இன் இருக்கிறது, அதற்குத் தேவையான வேறொரு லைப்ரரிதான் இல்லை. க்யூடி_டீபக்_பிளக்இன்ஸ் சூழல் மாறியை 1 என்று வைத்து ஓட்டினால் எது இல்லை என்று பெயரோடு சொல்லும். அல்லது க்யூடியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைக்யூடி6இன் பிளக்இன்ஸ், பிளாட்ஃபார்ம்ஸ் ஃபோல்டரில் உள்ள லிப்க்யூஎக்ஸ்சிபி ஃபைல் மேல், தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையை ஓட்டி, ‘நாட் ஃபவுண்ட்’ வரிகளைத் தேடுங்கள். க்யூடி 6.5 முதல் லிப்எக்ஸ்சிபி-கர்சர்0 அவசியம். உபுண்டுவில் அந்தப் பெயரிலேயே நிறுவலாம்.

லைப்ரரி எல்லாம் இருந்தும் விழுகிறதா? படங்களை ஆராயும் லைப்ரரியான ஓபன்சிவி நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பிப் வழியாக வரும் லினக்ஸ் ஓபன்சிவி தன் சொந்த க்யூடி பிளக்இன்களைச் சுமந்துகொண்டு வரும், பைக்யூடியோடு மோதும். ஓபன்சிவியின் ஜன்னல்கள் தேவையில்லை என்றால், அதை நீக்கிவிட்டு ஜன்னல் வசதி இல்லாத ஹெட்லெஸ் பதிப்பைப் போடுங்கள்.

இன்னொரு பொறி: பைக்யூடி 5.5 முதல், நீங்கள் எழுதிய ஸ்லாட் ஃபங்ஷனில் (பட்டனை அழுத்துவது போன்ற நிகழ்வின்போது ஓடும் ஃபங்ஷன்) பிடிபடாத சாதாரணப் பைத்தான் பிழை வந்தால்கூட புரோகிராம் முறிந்துவிடும். இங்கே திருத்த வேண்டியது உங்கள் நிரலைத்தான், பேக்கெண்டை அல்ல.

படி 5: திரெட்

திரெட் என்பது ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் தனி ஓட்டம். ஜன்னலை மெயின் திரெட்டில் மட்டும் திறவுங்கள். வேறு திரெட்டில் திறந்தால் மேக்கில் உடனே விழும். டிகேயில் சில நேரம் ஓடி, சில நேரம் விழும். ‘எப்போதாவதுதான் விழுகிறது’ என்றாலே முதல் சந்தேகம் இதுதான். கணக்கீட்டை மட்டும் பக்கத் திரெட்டுக்குத் தள்ளுங்கள்.

படி 6: ஜிடிபி

இன்னும் பிடிபடவில்லை என்றால் சி, சி++ அடுக்கின் கோளாறைத் தேட உதவும் ஜிடிபியை ஆர்க்ஸ் தெரிவோடு திறந்து, பைத்தானையும் ஃபைலையும் கொடுங்கள். ரன் என்று தட்டி, விழுந்ததும் பேக்டிரேஸ் என்பதன் சுருக்கமான பி, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். மேல்வரிகளில் தெரியும் லைப்ரரி பெயர்தான் அடுத்துத் தேட வேண்டிய இடம்.

மேட்பிளாட்லிப் குழுவிடம் புகார் அளிப்பதானால், விழ வைக்கும் மிகச் சிறிய நிரல், மேட்பிளாட்லிப், நம்பை, பைக்யூடி பதிப்பு எண்கள், பேக்கெண்ட் பெயர், 3, 6ஆம் படிகளில் கிடைத்த வெளியீடு ஆகியவற்றைச் சேருங்கள். திரையைப் படம் பிடித்துப் போடாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள்; அதே கோளாறு உள்ள இன்னொருவர் தேடும்போது எழுத்துதான் அகப்படும்.