குதிரை லத்தியை எடை போட்டுப் பார்த்துவிட்டு டிராக்டர் வாங்குங்கள்

எங்கள் லாயத்து வாசலின் வலப்பக்கக் கல்தூணில், இடுப்பு உயரத்தில், ஒரு முழ நீளத்துக்குச் சிராய்ப்பு இருக்கிறது. நான் வாங்கிய முதல் டிராக்டரின் பின்சக்கர மட்கார்டு போட்ட காயம் அது. 45 எச்.பி. வண்டி. "பெரிசாவே எடுத்திருவோம் மைனி, எல்லா வேலைக்கும் ஆகும்" என்றார் கொழுந்தனார். அவர் கார், பிசானம் என்று ரெண்டு போக நெல்லுக்கும் தொளி அடிக்கிறவர், அதாவது சேற்றுழவு. வயலுக்கு அவர் சொன்னது சரிதான். குதிரை நிற்கிற இடத்துக்கு அது சரிவராது என்று எங்கள் ரெண்டு பேருக்குமே அப்போது தெரியவில்லை.

சேரன்மகாதேவியிலிருந்து களக்காடு போகிற ரோட்டில் எங்களுக்கு மூணரை ஏக்கர். மாமனார் சேரன்மகாதேவி ஸ்டேஷனுக்குக் குதிரைவண்டி ஓட்டியவர். அவர் கட்டிய லாயத்தில் இப்போது ரெண்டு மார்வாரிப் பெண் குதிரைகள், காயடித்த ஆண் ஒன்று, பிள்ளைகள் ஏறிப் பழக ஒரு மட்டக்குதிரை. இந்தச் சீமைக்குக் குதிரை புதிதில்லை. தாமிரபரணி கடலில் கலக்கிற பக்கம் இருந்த பழைய காயல் துறைமுகத்தில் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பலில் குதிரை வந்து இறங்கியதை 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். வந்த குதிரைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் செத்ததையும் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் இன்றைக்கு டிராக்டர் ஷோரூமில் போய் "குதிரைப் பண்ணைக்கு வேணும்" என்று சொல்லிப் பாருங்கள். "எத்தனை ஏக்கர் உழணும்?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் வேறு யாருக்கோ ஏற்ற வண்டியோடுதான் வீட்டுக்கு வருவீர்கள்.

குதிரைத் தோட்டத்தில் உழவு வருஷத்துக்கு நாலு நாள். லத்தி, அதாவது குதிரைச் சாணம், அள்ளுவது முந்நூற்று அறுபத்தைந்து நாள்.

அதனால் ஷோரூம் போவதற்கு முன்னால் ஒரு வாரம் லத்தியை எடை போடுங்கள். காலையிலும் சாயங்காலமும் லாயத்தைக் கூட்டி அள்ளியதை, கீழே விரித்த உமியோடு சேர்த்து, சாக்கில் கட்டித் தராசில் வையுங்கள். எங்கள் நாலு உருப்படிக்கும் ஒரு நாளைக்கு 75 கிலோ வந்தது. மாதத்துக்கு ரெண்டேகால் டன், வருஷத்துக்கு 27 டன். இதைச் சட்டியில் சுமந்தது நானும் என்னோடு வேலை பார்க்கிற அக்காவும்தான். அந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்த அன்றைக்குத்தான் எங்களுக்கு எந்த மாதிரி வண்டி வேண்டும் என்பது விளங்கியது. உழுகிற வண்டி வேண்டாம். லாயத்துக்குள்ளேயே வந்து நின்று, சுமையை ஏற்றிக்கொண்டு, உரக்குழிக்குப் போய்த் தானே கொட்டிவிட்டு வருகிற வண்டிதான் வேண்டும்.

அடுத்தது இஞ்ச் டேப். வாசல் அகலம், கதவு உயரம், நடை அகலம், வாசலுக்கு முன்னால் திரும்புகிற இடம் நாலையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வாசல் ஏழடி. பெரிய டிராக்டர் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. நேராக வந்தால் நுழையும். நேராக வருவதற்கு எங்களிடம் இடம் இல்லை. கதவு உயரத்தை அளக்கும்போது டிராக்டரின் நிழற்கூரையையும், கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காப்பாற்றுகிற பின்கம்பி வளைவையும் மறந்துவிடாதீர்கள். அந்த வளைவு இடிக்கிறது என்று கழற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கதவை உயர்த்துங்கள், கம்பியைக் கழற்றாதீர்கள்.

இப்போது எச்.பி. பேசலாம். ரெண்டு முதல் ஆறு குதிரை வரைக்கும், அஞ்சு ஏக்கருக்குள், 24 முதல் 28 எச்.பி. நாலு சக்கர இழுவை வண்டி போதும் என்பது என் தீர்மானம். மகிந்திரா ஜிவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441 ரெண்டும் 24 எச்.பி.; ரெண்டும் பின்னால் 750 கிலோ தூக்கும். ஜான் டீர் 3028 இஎன் 28 எச்.பி. இந்த அளவு வண்டிகள் மூணரை, நாலடி அகலத்துக்குள் அடங்கும். சுவராஜ் 717 மாதிரி 15 எச்.பி. வண்டி வாங்கலாமா என்று கேட்பார்கள். லத்தி இழுக்க அது போதும். நாலடி ஸ்லாஷர் போட்டுப் புல் வெட்டும்போது திணறும்.

நோட்டீசில் அச்சடித்திருக்கிற எச்.பி. எஞ்சினுடையது. புல் வெட்டுவதும் பம்பு சுற்றுவதும், டிராக்டருக்குப் பின்னால் கருவிகளைச் சுழற்றுகிற பி.டி.ஓ. தண்டில் கிடைக்கிற சக்தியில்தான். அது எப்போதும் குறைவாகவே இருக்கும், வண்டிக்கு வண்டி மாறும். மத்தியப் பிரதேசம் புத்னியில் இருக்கிற மத்திய அரசு சோதனை நிலையம் ஒவ்வொரு மாடலையும் ஓட்டிப் பார்த்து அறிக்கை கொடுக்கிறது. விற்பனைக்காரரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள். பி.டி.ஓ. சக்தியும் தூக்கும் எடையும் அதில் அளந்து போட்டிருக்கும்.

எடை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதற்கு நான் விலை கொடுத்தவள்.

எங்கள் தோட்டம் பெரும்பாலும் சரள் கலந்த செம்மண். குளத்துக் கரையை ஒட்டின அரை ஏக்கர் மட்டும் களி. ஒரு கார்த்திகையில், அடைமழை விட்ட மறுநாள், அந்தப் பக்கம் வேலிக்கல் இறக்க அந்த 45 எச்.பி. வண்டி போனது. கிட்டத்தட்ட ரெண்டு டன் வண்டி. சக்கரம் பதிந்த தடம் முழங்கை ஆழம். தையில் அது காய்ந்து கல்லாகிவிட்டது. மேலே புல் மூடிக்கொண்டதால் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் செவலைக் குதிரை ஓடி வந்த வேகத்தில் முன்னங்காலை அதற்குள் வைத்தாள். கணுக்கால் பொங்கிவிட்டது. ஹோஸில் தண்ணீர் பிடித்து அந்தக் காலின் மேல் ஊற்றிக்கொண்டு ஆறு வாரம் காலையும் மாலையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சின்ன டிராக்டர் அதில் பாதி அளவுதான் இருக்கும். பதிந்தாலும் மண்வெட்டியால் மூடிவிடுகிற தடம். மழை நாளில் களியில் எந்த வண்டியும் போகக்கூடாது என்பது தனி. வேலிக் கதவில் நானே பூட்டுப் போட்டிருக்கிறேன். ஐப்பசி பிறந்தால் சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

லேசான வண்டியால் ஒரு தொல்லையும் உண்டு. பின்னால் மாட்டுகிற டிரெய்லர் டிராக்டரைவிடக் கனமாக இருந்தால் இறக்கத்தில் டிராக்டரைத் தள்ளும். நான் ஒண்ணரை டன் டிப்பர் டிரெய்லர் வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் ஏற்றுவதில்லை. முதல் கியரில் இறக்குவேன், கிளட்சை மிதிப்பதில்லை, ரெண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டியிருப்பேன். டிப்பர் ஹைட்ராலிக்கில் தூக்கிக் கொட்டுவதாகவே இருக்கட்டும். கொட்டுவதற்கும் ஆள்தான் அள்ள வேண்டுமென்றால் டிராக்டர் வாங்கியதன் பலன் பாதி போய்விடும்.

முன்னால் மாட்டுகிற லோடர் நாலு குதிரைக்குத் தேவையில்லை. எட்டைத் தாண்டினால் யோசிக்கலாம். அப்போது நாலு சக்கர இழுவையும் பின்னால் எடைக்கல்லும் கட்டாயம், இல்லாவிட்டால் சுமை தூக்கும்போது பின்சக்கரம் எழும்பும்.

என் தோட்டத்தில் அதிகம் உழைக்கிற கருவி கடையில் வாங்கியது இல்லை. குதிரை ஓடிப் பழகுகிற தரையைச் சமன் பண்ண முதலில் ரொட்டவேட்டர் போட்டேன். மேலே மாவுபோலப் பொடியாகி, அடியில் தட்டு கட்டிவிட்டது. ஆடிக் காத்துக்கு அந்தப் பொடி முழுக்க லாயத்துக்குள் வந்து குதிரைகள் இருமின. அப்புறம் பட்டறைக்குப் போய் ஒரு இழுவைச் சட்டம் செய்யச் சொன்னேன்.

"பரம்படிக்கவாக்கா?" என்றான் வெல்டிங் தம்பி.

"குதிரை ஓடுத தரைக்குப்பா. பல்லு ரெண்டு அங்குலத்துக்கு மேல இறங்கக் கூடாது."

அஞ்சடிக்கு நாலடி ஆங்கிள் சட்டம், ரெண்டு வரிசையாகக் கம்பிப் பல், பின்னால் இழுபட்டு வந்து மண்ணை மட்டம் பண்ணுகிற மாதிரி ஒரு பனங்கட்டை. முன்வரிசைப் பல் போகிற இடைவெளியில் பின்வரிசைப் பல் வரும்படி மாற்றி மாற்றி வைத்தான். தண்ணீர் தெளித்து மண் ஈரம் காயத் தொடங்குகிற பதத்தில் நடக்கிற வேகத்தில் இழுத்தால் தரை மெத்தை மாதிரி ஆகிவிடும். இதற்காகவே டிராக்டரில் மிக மெதுவான கியர் இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

மேய்ச்சல் தரையில் கிடக்கிற லத்தியையும் இதே சட்டத்தால் உடைத்துப் பரப்பலாம், ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும். அந்தச் சூட்டில் குடற்புழுவின் குஞ்சுகள் காய்ந்து சாகும். மழைக் காலத்தில் பரப்பினால் புழுவைத் தோட்டம் முழுக்க விதைத்த மாதிரி ஆகிவிடும்.

ஸ்லாஷர் வாங்கினால், அது ஓடும்போது அந்த வேலிக்குள் குதிரையும் கூடாது, பிள்ளையும் கூடாது. சரளை மண்ணில் கல் குண்டு மாதிரி பறக்கும். பி.டி.ஓ. தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் மாற்றும் வரைக்கும் எஞ்சினைப் போடாதீர்கள். அது நிமிஷத்துக்கு 540 சுற்று. சாரத்தின் (லுங்கி) நுனியோ சேலைத் தலைப்போ பட்டால் கையை எடுக்க நேரம் இருக்காது. நான் டிராக்டர் பக்கம் போகும்போது சுடிதார்தான், துப்பட்டா கிடையாது.

புல் விஷயமாக ஒன்று. பி.டி.ஓ. இருக்கிறதே என்று மாட்டுக்காரர்களைப் பார்த்துத் தீவனச் சோளம் போட்டு வெட்டிக் குதிரைக்குப் போடாதீர்கள். குதிரைக்கு அது மூத்திரப்பையைக் கெடுத்து, பின்னங்காலைத் தள்ளாட வைக்கும். அறுகம்புல் வெட்டிக் காயப்போடுங்கள். நம் வெயிலுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஆற்றுப் பாசனப் பக்கத்து வண்டி என்றால் தொளி அடித்ததா என்று கேளுங்கள். சேற்றுத்தண்ணீர் முன் ஆக்சில் சீலுக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் போயிருக்கும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்விடுங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது. ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள், பால் நிறம் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பின்னால் ஒரு கனமான கலப்பையைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கலப்பை தரையில் உட்கார்ந்திருந்தால் ஹைட்ராலிக் வேலை இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் பேங்க் அடமானம் நீக்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

புதிது என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மானியத்துக்கு உழவன் செயலியில் பதிந்து, உங்கள் வட்டாரத்து வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். மானியம் வேண்டுமென்றால் பில் போடுவதற்கு முன்னால் போக வேண்டும். கம்பெனியைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே வழிதான்: உங்கள் ஊரிலிருந்து பக்கத்தில் இருக்கிற ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் அந்த மாடலுக்கு ஒரு ஆயில் ஃபில்டரும் ஃபேன் பெல்ட்டும் கேளுங்கள். "ரெண்டு நாள்ல வரவழைச்சுத் தாரேன்" என்றால் அந்த மாடல் வேண்டாம்.

இனி சரக்கு ஏற்றுகிற சின்ன வண்டி. தவிடு, கொள்ளு, உமி, வைக்கோல் கட்டு, மருந்து, லாடம் அடிக்கிறவரைக் கூட்டிவருவது எல்லாவற்றுக்கும் டாடா ஏஸ் குட்டியானையே போதும். முக்கால் டன் வரை சுமக்கும், தோப்பு வரப்புக்குள்ளும் வளைந்து போகும். ஆனால் அதில் குதிரையை ஏற்றாதீர்கள். எடை தாங்கலாம். ஆனால் 400 கிலோ உருப்படி நின்றுகொண்டே வருவதால் பாரம் முழுக்க மேலே இருக்கிறது. அது ஒருபக்கம் சாய்ந்தால் வளைவில் வண்டியும் சாயும். குதிரையையும் ஏற்ற வேண்டுமென்றால் பொலிரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் மாதிரி வண்டியில் குதிரையின் தோள் உயரத்துக்குக் கூண்டு அடித்து, தரையில் ரப்பர் பாய் போட்டு, நெஞ்சுக்குக் குறுக்கே கட்டையைத் துணி சுற்றி வையுங்கள். ஒரு குதிரைதான், பக்கத்தில் பழகின ஆள் ஒருவர். ரெண்டு மூணு குதிரையை மதுரைப் பக்கம் கொண்டுபோவதென்றால் நான் லாரியை வாடகைக்குப் பிடித்துவிடுவேன். வருஷத்துக்கு ரெண்டு தரம் நடக்கிற வேலைக்குச் சொந்த வண்டி வேண்டாம். ஏற்றுவதற்குப் பலகை தேடி அலையவும் வேண்டாம். குளத்துக் கரைச் சரிவில் வண்டியைப் பின்பக்கமாகச் சேர்த்து நிறுத்தினால் மண்மேடும் வண்டித்தளமும் ஒரே மட்டமாகிவிடும், குதிரை நடந்தே ஏறிவிடும்.

வண்டி வந்த அன்றைக்கே லாயத்துக்குள் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். முதல் மூணு நாள் அம்பதடி தள்ளி நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டு அணையுங்கள். அடுத்த வாரம் சாயங்காலப் புல்லை அந்த டிரெய்லரிலேயே கொண்டுவந்து போடுங்கள். சத்தத்தோடு தீனியும் வருகிறது என்று தெரிந்துவிட்டால் பயம் விலகும். எங்கள் மட்டக்குதிரை இப்போது டிராக்டர் சத்தம் கேட்டாலே கதவைத் தட்டுகிறது. ராத்திரி நிறுத்துகிற இடம் வைக்கோல் படப்புக்குக் காத்து வருகிற பக்கம் இருக்கக்கூடாது. ஆடியில் சைலன்சர் பொறி ஒன்று போதும். எவ்வளவு பழகினாலும், எஞ்சின் அணைந்திருந்தாலும், ஒரு நிமிஷத்துக்கென்றுகூடக் குதிரையின் கயிற்றை டிராக்டரிலோ டிரெய்லரிலோ கட்டாதீர்கள். மிரண்டு இழுத்தால் டிரெய்லர் அதன் பின்னாலேயே உருண்டு வரும்; அதைப் பார்த்து அது இன்னும் ஓடும். கட்டுவதற்கு வேப்பமரம் இருக்கிறது.