பி.கே.யு. உணவுமுறையில் பலரும் இடறும் இடங்கள்

ஃபீனைல்கீட்டோனூரியா, சுருக்கமாக பி.கே.யு., பிறவி நோய். உணவுப் புரதத்திலுள்ள ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை டைரோசினாக மாற்றும் கல்லீரல் நொதி இந்த நோய் உள்ளவர்களிடம் சரியாக வேலை செய்யாது. தேங்கும் ஃபீனைல்அலனின் வளரும் மூளையைக் கெடுக்கும். நார்வே மருத்துவர் ஃபோலிங் 1934இல் இதைக் கண்டறிந்தார். 1950களில் ஜெர்மன் மருத்துவர் ஹோர்ஸ்ட் பிக்கெல் உணவாலேயே இதைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார். இன்றும் சிகிச்சையின் அடித்தளம் அதுதான்.

'கறி, மீன், முட்டையை விட்டாயிற்று, சைவம்தானே' என்ற நினைப்பு ஆபத்தானது. ஒரு கிராம் புரதத்தில் சுமார் 50 மில்லிகிராம் ஃபீனைல்அலனின் உண்டு. 30 கிராம் பருப்பிலேயே 300 மில்லிகிராமைத் தாண்டிவிடும். கடும் பாதிப்புள்ள பல குழந்தைகளுக்கு ஒரு நாள் முழுவதற்குமான அளவே ஏறக்குறைய அவ்வளவுதான்.

அதற்காக அறவே நிறுத்திவிடவும் கூடாது. இது உடலால் தயாரிக்க முடியாத அமினோ அமிலம். குறைந்தால் வளர்ச்சி தடைப்படும், தோல் புண்ணாகும். குழந்தைகளுக்கு லிட்டர் ரத்தத்தில் 120 முதல் 360 மைக்ரோமோல் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்வதே வழக்கமான இலக்கு.

அதிகம் கோட்டை விடுவது சிறப்புப் பால்பவுடர் விஷயத்தில். புரதத்துக்கு ஈடாகக் கொடுக்கும், ஃபீனைல்அலனின் நீக்கிய அமினோ அமிலக் கலவை அது. வாடையும் ருசியும் சகிக்காது என்பது உண்மைதான். ஆனால் அதைத் தவிர்த்தால் உடல் தன் தசையையே கரைக்கும். அதிலிருந்து ஃபீனைல்அலனின் வெளிவரும். சாப்பாட்டில் எவ்வளவு கறாராக இருந்தாலும் ரத்த அளவு ஏறுவது இப்படித்தான். டைரோசின் கிடைப்பதும் பெரும்பாலும் இதிலிருந்துதான். மொத்தத்தையும் இரவில் ஒரேயடியாகப் புகட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

'லங்கணம் பரம ஔஷதம்' என்பது இந்த வீட்டில் செல்லாது. காய்ச்சலில் பட்டினி போட்டாலும் அதே தசைக் கரைவுதான். ஜவ்வரிசிக் கஞ்சி, சர்க்கரைத் தண்ணீர் என்று கலோரியாவது உள்ளே போகட்டும், மருத்துவரையும் கேளுங்கள்.

'சர்க்கரை இல்லாதது' என்ற பானங்களிலும் சூயிங்கத்திலும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு இருக்கலாம். அதன் எடையில் பாதிக்கு மேல் ஃபீனைல்அலனின்தான்.

வளர்ந்த பிறகு உணவுக் கட்டுப்பாட்டைக் கைவிடுவது பழைய வழக்கம். இப்போது வாழ்நாள் முழுக்கத் தொடரச் சொல்கிறார்கள். பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். தாயின் ரத்தத்தில் அளவு உயர்ந்திருந்தால், நோயே இல்லாத கருவுக்கும் தலை சிறுத்துப்போகலாம், இதயக் கோளாறு வரலாம். கரு உறுதியான பின் கட்டுப்படுத்தலாம் என்றிருந்தால் முக்கியமான முதல் வாரங்கள் கடந்திருக்கும். கருத்தரிக்கும் முன்பே அளவு கட்டுக்குள் வந்திருக்க வேண்டும்.