அம்மாயிக்கு மறதியா? மொதல்ல காதப் பாருங்க

கேரளா-தமிழ்நாடு பார்டர்ல இருக்கற எங்க கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வயசானவங்க ஒரே கேள்விய மூணு தடவ கேட்டா வயசாயிருச்சுன்னு விட்டுருவோம், எங்க அம்மாயியையும் (அம்மாவோட அம்மா) ஒரு வருஷம் அப்படித்தான் விட்டோம். சீரியல் சத்தத்த ஏத்திக்கிட்டே போனப்பவே புரிஞ்சிருக்கணும், பாதிப் பிரச்சினை காதுலதான் இருந்துச்சு.

லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையோட நிபுணர் குழு 2024-ல சொன்ன கணக்குப்படி, மாத்தக்கூடிய 14 காரணங்களையும் சரி பண்ணினா டிமென்ஷியால, அதாவது மறதி நோய்ல, கிட்டத்தட்ட 45 சதவீதம் வராம தடுக்கலாம், இல்ல தள்ளிப்போடலாம். அதுல காது கேக்காததுக்கும் கெட்ட கொலஸ்ட்ராலுக்கும் தலா 7 சதவீதம், இந்த ரெண்டும்தான் மொத எடம். ஞாபகசக்தி டானிக்குக்கு காச கொட்றதுக்கு முன்னாடி ஈஎன்டி டாக்டர்கிட்ட கூட்டிப்போங்க. அழுக்கு அடைச்சிருந்தா எடுத்தாலே பாதி சரியாகும், அப்புறம் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்கற டெஸ்ட். காது மெஷின் மாட்டினா மொத வாரம் "ஒரே எரைச்சல் கண்ணு"ன்னு கழட்டி பீரோவுல போட்டுருவாங்க, எல்லா வீட்லயும் நடக்கறதுதான். சத்தமில்லாத ரூம்ல தெனம் ஒரு மணி நேரம்னு ஆரம்பிச்சு மெதுவா கூட்டுங்க, சரிப்படலன்னா சவுண்ட் செட்டிங் மாத்த திரும்ப போங்க.

அதே அலைச்சல்ல பிரஷர், சுகர், கொலஸ்ட்ராலும் பாத்துருங்க. பிரஷர்ல மேல இருக்கற நம்பர் 130-க்குள்ள இருக்கணும், இது 40 வயசுலயே நமக்கும் சேத்துதான். பி12, தைராய்டு கொறஞ்சாலும் மறதி வரும், அது மருந்துல சரியாகலாம். சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் மஞ்சப்பைல போட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க, தூக்க மாத்திரையும் சில அலர்ஜி மாத்திரையும் ஆளக் கொழப்பிரும். கண்புரை இருந்தா ஆபரேஷன தள்ளிப்போடாதீங்க.

ரெண்டு நாள்ல திடீர்னு மாத்தி மாத்திப் பேசினா அது வேற கத, யூரின் இன்பெக்ஷனாக்கூட இருக்கும், அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும்.

இன்னொன்னு, 2013-ல ஐதராபாத்ல 648 டிமென்ஷியா நோயாளிகளப் பாத்ததுல ரெண்டு மொழி பேசறவங்களுக்கு நாலரை வருஷம் லேட்டாத்தான் நோய் வந்துருக்கு, எழுதப்படிக்கத் தெரியாதவங்களுக்கும்கூட. மொழிதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா நம்ம பார்டர்ல அது ஓசில கெடைக்குதுல்ல. நாங்கதான், பாவம் வயசானவங்கன்னு அம்மாயிய ரேஷன் கடைக்கும் குடும்பஸ்ரீ (கேரளாவுல பொம்பளைங்க சுயஉதவிக் குழு) கூட்டத்துக்கும் அனுப்பாம வீட்லயே உக்கார வெச்சோம், தனிமையும் அந்த 14-ல ஒன்னுன்னு அப்ப தெரியல. இப்ப மறுபடி போறாங்க, கடைக்காரர்கிட்ட மலையாளத்துல வாயடிச்சுட்டு வர்றாங்க, பேட்டரி தீந்தா மட்டும் எங்களத் தமிழ்ல திட்டறாங்க.