தொலைக்காட்சி நடனப் போட்டியின் தீர்ப்பை நாமே சரிபார்ப்பது எப்படி?

நாம் மனத்துக்குள் முதலிடம் கொடுத்துவிட்ட ஜோடி வெளியேற்றப்படும்போது, நம் கோபம் நேராக நடுவர் மேசைக்குத்தான் போகிறது. ஆனால் அந்த முடிவுக்குப் பின்னால் வேறு பலரும் இருக்கிறார்கள். எந்தக் கோணத்தைக் காட்டுவது என்று தேர்ந்தவர், எந்தப் பாட்டை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தவர், நடுவர் மதிப்பெண்ணையும் பார்வையாளர் வாக்கையும் சேர்க்கும் கணக்கை வகுத்தவர் என அந்தப் பட்டியல் நீளும். அநீதி எந்த இடத்தில் நுழைந்தது, அல்லது நுழையவே இல்லையா என்பதைக் கண்டறிய ஒரு நோட்டும், நிகழ்ச்சியைத் திரும்பப் பார்க்கும் வசதியும் போதும். நடுவர்கள்மீது சொல்லப்படும் குறைகளில் பெரும்பகுதி உண்மையில் கேமராவையும் கணக்கையும் சேரவேண்டியவை என்பது என் கருத்து. அதை நம்பாதவர்கள் கீழே உள்ள முறையில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் பரிசோதித்துப் பார்க்கலாம்.

ஒலியும் படமும் சேர்ந்து வருகின்றனவா?

"தாளம் தப்பியது, நடுவர் கண்டுகொள்ளவே இல்லை" என்பது அடிக்கடி எழும் புகார். அதைச் சொல்வதற்கு முன் ஒலி எந்த வழியாக உங்கள் காதுக்கு வருகிறது என்று பாருங்கள். புளூடூத் ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோ கேட்கும்போது, தொலைக்காட்சி அதை ஈடுசெய்யாவிட்டால், படத்தைவிட ஒலி 100 முதல் 200 மில்லிநொடி வரை பிந்தி வருவது சாதாரணம். நிமிடத்துக்கு 120 தட்டுகள் விழும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 500 மில்லிநொடிதான் இருக்கிறது. அதில் 150 மில்லிநொடி பிந்தினால், மிகச் சரியாக ஆடுபவரும் தாளத்தை முந்திக்கொண்டு ஓடுவதுபோலத் தோன்றுவார். தொகுப்பாளர் பேசும்போது உதடும் சொல்லும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு, பொருந்தாவிட்டால் தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கருக்கு மாறுங்கள், அல்லது ஒலி அமைப்புகளில் உள்ள தாமதத்தைத் திருத்துங்கள். இதைச் செய்த பிறகும் தாளம் தப்புவதாகத் தெரிந்தால், புகாரைக் குறித்துக்கொள்ளலாம்.

கேமரா மறைத்ததைக் கண்டுபிடித்தல்

அதிக நேரம் செலவிடவேண்டிய இடம் இதுதான். பல போட்டிகளில் ஒரு நடனம் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த ஒன்றரை நிமிடத்தில் காட்சி எத்தனை முறை மாறுகிறது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பிறகு அதே நடனத்தை மறுபடி ஓடவிட்டு, பாதம் முதல் தலைவரை முழு உடலும் திரையில் இருந்த நொடிகளை மட்டும் கடிகாரத்தை வைத்துக் கூட்டுங்கள். இரண்டாவது எண் பல நடனங்களில் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியதாக இருக்கும். சுழற்சி தொடங்கும் நொடியில் முகம், இறங்கும் நொடியில் நடுவரின் வியப்பு, காலடி வேகமெடுக்கும் இடத்தில் அரங்கின் கூரையிலிருந்து ஒரு பறவைப் பார்வை என்று காட்சி தாவிக்கொண்டே இருந்தால், நடனத்தில் மதிப்பெண் பெறவேண்டிய பகுதியே நம் கண்ணில் படவில்லை என்று பொருள். நடுவர் ஓரிடத்தில் உட்கார்ந்து முழு உடலையும் இடைவிடாமல் பார்த்தார். நாமோ துண்டு துண்டாக, நடுவர் காணாத கோணங்களிலிருந்து பார்த்தோம். இருவரும் ஒரே நடனத்தைப் பார்த்ததாகச் சொல்லவே முடியாது.

இந்தச் சண்டை புதிதல்ல. 1930களிலேயே ஹாலிவுட்டில் நடன நடிகர் ஃபிரெட் அஸ்டேர், தன் நடனம் முழு உடலும் தெரியும்படி, இயன்றவரை குறைந்த வெட்டுகளோடு படமாக்கப்படவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவர் கேட்டதைக் கொடுக்க அன்றைய கனமான கேமராவுக்கே முடிந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய ஒளிபரப்பைப் பாருங்கள்.

கேமராவோடு புகையையும் விளக்கையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். தரையில் படரும் புகை கணுக்கால்வரை மறைக்கிறது. பின்னால் ஒளிரும் எல்இடி திரை கையின் கோட்டை விழுங்குகிறது. பளிச்சிட்டு அணையும் விளக்கு, தடுமாறிய அடியை வேண்டுமென்றே நிறுத்திய அடியாகக் காட்டிவிடும். இவை ஒருவருக்குச் சாதகமாகவும் இன்னொருவருக்குப் பாதகமாகவும் அமையக்கூடும் என்பதால், ஒவ்வொரு நடனத்துக்கும் நேராக "கால் தெரிந்தது", "பாதி தெரிந்தது", "தெரியவில்லை" என்று ஒரு சொல் எழுதிவையுங்கள். தெரியவில்லை என்று எழுதிய நடனத்துக்கு நடுவர் கொடுத்த மதிப்பெண்ணைக் குறைகூறும் உரிமை நமக்கு இல்லை. குறை இருந்தால் அது படம்பிடித்தவர்மீது.

நடுவர் வாய் திறக்கும் முன் எழுதுதல்

சொந்த மதிப்பெண்ணை நடுவர் கருத்துச் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே எழுதிவிடவேண்டும். அவர் எண்ணைக் கேட்ட பிறகு நம் எண் தானாக அதை நோக்கி நகர்ந்துவிடும். நடனத்துக்கு முன் ஓடும் சோகக் கதைக் காணொளியின்போது ஒலியை அணைத்துவிடுங்கள். இது இரக்கமற்ற செயல் அல்ல. அந்தக் காணொளி மதிப்பிடச் சொல்வது வாழ்க்கையை, நீங்கள் மதிப்பிடப்போவது ஒன்றரை நிமிட நடனத்தை.

எதை மதிப்பிடுவது என்பதில் பலரும் திணறுகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் (பிரேக் டான்ஸ்) போட்டிக்கு நுட்பம், அசைவுகளின் வளம், பிசகின்றி ஆடுதல், இசையோடு இயைதல், சொந்தக் கற்பனை என ஐந்து அளவுகோல்கள் சம எடையோடு வைக்கப்பட்டிருந்தன. வீட்டில் இருந்து பார்ப்பவருக்கு நான்கு போதும்: காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம் பிசகாமை), உடல் கட்டுப்பாடு, ஜோடியாகவோ குழுவாகவோ ஆடினால் இணக்கம், பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு). நடன அமைப்புக்கு மதிப்பெண் தரவேண்டாம். அசைவுகளை அமைத்தவர் நடன அமைப்பாளர். போட்டியிடுபவர் கைக்கு வந்ததை ஆடுகிறார். எளிமையான அமைப்பு கிடைத்தவர் கடினமான அமைப்பு கிடைத்தவரை முந்தும்போது "நடுவர் தூக்கிவிட்டார்" என்று சொல்வதைவிட, யாருக்கு எந்த நடன வகை ஒதுக்கப்பட்டது, அந்த ஒதுக்கீடு சீட்டுக் குலுக்கியா தயாரிப்பாளர் விருப்பப்படியா என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

ஆடும் வரிசையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் யூரோவிஷன் பாட்டுப் போட்டியிலும், பனித்தரையில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கிலும் நடந்த ஆய்வுகளில், ஒருவர் பின் ஒருவராக மதிப்பிடும்போது பிந்தி வருபவர்கள் சற்று அதிக மதிப்பெண் பெறும் போக்கு காணப்பட்டது. ஆகவே முதலில் ஆடியவருக்கு நீங்கள் கொடுத்த எண்ணை, எல்லோரும் ஆடி முடித்தபின் ஒரு முறை மறுபரிசீலனை செய்யவேண்டும். ஒரே ஜோடி வாரா வாரம் முதலில் நிறுத்தப்பட்டால் அது எழுதிக் கேட்கத்தக்க விஷயம்.

மதிப்பெண்ணை இடமாக மாற்றிப் பாருங்கள்

பத்துக்கு மதிப்பெண் என்று சொன்னாலும் பல நடுவர்கள் 7-க்கும் 9-க்கும் இடையிலேயே உலாவுகிறார்கள். அவர்களிடையே ஒருவர் மட்டும் 5 முதல் 10 வரை தாராளமாகப் பயன்படுத்தினால், மொத்தத்தைத் தீர்மானிப்பவர் அவரே. முதல் இரு நடுவர்கள் ஒரு ஜோடிக்கு 9, மற்ற ஜோடிக்கு 8 கொடுக்கிறார்கள். மூன்றாமவர் முன்னதற்கு 5, பின்னதற்கு 9 கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 23-க்கு 25. மூவரில் இருவர் மேல் என்று சொன்ன ஜோடி தோற்றுவிட்டது.

இதைத் தடுக்கும் முறைகள் பழையவை. ஜோடியாக ஆடும் பால்ரூம் நடனப் போட்டிகளில் 1937 முதல் பயன்படும் 'ஸ்கேட்டிங் முறை', இறுதிச் சுற்றில் மதிப்பெண்ணைக் கூட்டாமல், ஒவ்வொரு நடுவரும் கொடுத்த இடத்தை எடுத்துக்கொண்டு பெரும்பான்மை யார் பக்கம் என்று பார்க்கிறது. ஃபிகர் ஸ்கேட்டிங்கோ 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் நடுவர் ஊழலுக்குப் பிறகு முறையையே மாற்றிக்கொண்டது. புதிய முறையில் ஒவ்வோர் அம்சத்துக்கும் வந்த மிக உயர்ந்த எண்ணும் மிகத் தாழ்ந்த எண்ணும் நீக்கப்பட்டு மீதிக்குச் சராசரி எடுக்கப்படுகிறது. நீங்களும் நோட்டில் ஒவ்வொரு நடுவரின் எண்களையும் தனித்தனியாக முதல், இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திவிட்டு, பெரும்பான்மையின் முடிவும் மொத்தத்தின் முடிவும் ஒன்றுதானா என்று பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் எந்த நடுவரின் எண் தராசைச் சாய்த்தது என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஒப்பிட்டு வாக்களிக்கும் போட்டியில் பூஜ்யத்துக்கு வேறு பொருள் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். பாரிஸ் பிரேக்கிங்கில் ஆஸ்திரேலியப் போட்டியாளர் ஒருவர் மூன்று மோதல்களிலும் 18-0 என்று தோற்றபோது, அவருடைய ஆட்டத்துக்கே பூஜ்யம் போடப்பட்டதாக உலகம் முழுவதும் கேலி கிளம்பியது. ஒன்பது நடுவர்களும் இரண்டு சுற்றுகளிலும் எதிராளியே மேல் என்று தேர்ந்தார்கள் என்பதுதான் அந்த எண்ணின் பொருள்; எவ்வளவு மேல் என்பதை அது சொல்லவில்லை.

வாக்குக் கணக்கு

நடுவர் மதிப்பெண்ணும் வாக்கும் சேரும் இடத்தில்தான் பெரிய அதிர்ச்சிகள் பிறக்கின்றன. ஆகவே நிகழ்ச்சியின் விதிகளைத் தேடிப் படித்து, சேர்ப்பது இடக்கணக்கிலா (பெற்ற இடத்துக்கு ஏற்பப் புள்ளி) விழுக்காட்டிலா (மொத்தத்தில் பெற்ற பங்கு) என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

இடக்கணக்கின் விபரீதத்துக்கு பிபிசியின் ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங் நிகழ்ச்சியின் 2008 அரையிறுதியைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. மிஞ்சியிருந்தவை மூன்று ஜோடிகள். நடுவர் கணக்கில் இரண்டு ஜோடிகள் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டதால் அவற்றுக்குத் தலா 3 புள்ளி, டாம் சேம்பர்ஸ் ஜோடிக்கு 1 புள்ளி. பார்வையாளர் வாக்கில் முதலிடத்துக்கு 3, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. சேம்பர்ஸ் வாக்கில் முதலிடமே பெற்றாலும் அவர் மொத்தம் 4. மற்ற இரு ஜோடிகளுக்கும் 5-ம் 4-ம் கிடைத்துவிடும். அதாவது எத்தனை பேர் வாக்களித்தாலும் அவர் கடைசி இருவரில் ஒருவராகத்தான் நிற்கவேண்டும். ஒளிபரப்பின்போதுதான் இது உறைத்தது. யாரையும் வெளியேற்றாமல் மூவரையும் இறுதிக்கு அனுப்பினார்கள், அங்கே சேம்பர்ஸே வென்றார். விதியை வகுத்தவர்கள் ஒரு தாளில் கூட்டிப் பார்த்திருந்தால் போதும்.

விழுக்காட்டு முறையில் சிக்கல் வேறு வகையானது. ஆறு ஜோடிகளுக்கு நடுவர்கள் 30, 29, 28, 26, 25, 24 என்று கொடுத்தால் மொத்தம் 162. முதல் ஜோடியின் பங்கு ஏறத்தாழ 18.5 விழுக்காடு, கடைசி ஜோடியின் பங்கு 14.8. வித்தியாசம் நான்கு விழுக்காடுகூட இல்லை. பார்வையாளர் வாக்கிலோ ஒருவர் 40 விழுக்காட்டையும் இன்னொருவர் 5 விழுக்காட்டையும் பெறலாம். எனவே நடுவர்கள் எண்களை நெருக்கமாகக் கொடுக்கக் கொடுக்க, தீர்ப்பு அவர்கள் கையைவிட்டு நழுவுகிறது. அமெரிக்காவின் டான்சிங் வித் தி ஸ்டார்ஸில் 2018-இல் நடுவர்களிடம் தொடர்ந்து குறைந்த மதிப்பெண் பெற்றுவந்த வானொலித் தொகுப்பாளர் பாபி போன்ஸ் கோப்பையை வென்றதும், அடுத்த பருவத்தில் கடைசி இருவரில் ஒருவரைக் காப்பாற்றும் அதிகாரம் நடுவர்களுக்குத் தரப்பட்டது. உங்கள் நிகழ்ச்சியின் எண்களையும் இப்படிப் பங்காக மாற்றிப் பாருங்கள். நடுவர்களுக்குக் கோப்பையைத் தீர்மானிக்கும் வலிமை இருக்கிறதா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒருவர் எத்தனை வாக்கு போடலாம், எல்லோரும் ஆடி முடிப்பதற்கு முன்பே வாக்கெடுப்பு திறக்கிறதா, நிகழ்ச்சி நேரலையா முன்பே பதிவுசெய்ததா என்பவற்றையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முன்பே பதிவுசெய்தது என்றால் திரும்ப ஆடவைத்த நடனமும் இருக்கலாம்.

எழுதி அனுப்புவது

இவ்வளவும் செய்தபின் குறை நிலைத்து நின்றால், போட்டியாளரின் பக்கத்திலோ நடுவரின் பக்கத்திலோ கொட்டவேண்டாம். போட்டியாளருக்கு அதில் பங்கு இல்லை, நடுவருக்குக் கேமராவை மாற்றும் அதிகாரம் இல்லை. அலைவரிசைக்கு எழுதுங்கள். ஒளிபரப்பான தேதி, நடனம் தொடங்கிய நேரம், உங்கள் நோட்டில் உள்ள எண்கள், ஒரே ஒரு கோரிக்கை ஆகியவை ஒரு பக்கத்துக்குள் அடங்கவேண்டும். "நடுவர் பாரபட்சம் காட்டினார்" என்ற வரிக்கு யாரும் பதில் எழுதமாட்டார்கள். "இத்தனை நொடி நடனத்தில் முழு உடல் தெரிந்தது இத்தனை நொடி மட்டுமே, ஒவ்வொரு நடனத்தையும் ஒரே அகலக் கோணத்தில், வெட்டின்றி, இணையத்தில் தனியாக ஏற்றித் தரவேண்டும்" என்ற வரிக்குப் பதில் தரலாம், ஏனென்றால் அரங்கின் அகலக் கோணக் கேமரா பெரும்பாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. வாக்கைப் பற்றிய குறையானால், பருவம் முடிந்தபின் வாரவாரியான வாக்கு விழுக்காட்டை வெளியிடுமாறு கேளுங்கள். வெளியேறியவரைத் திரும்ப அழைக்கவேண்டும் என்று மட்டும் கேட்கவேண்டாம். பார்வையாளரை இழுக்கும் இன்னொரு திருப்பமாக அதை மாற்றிக்கொள்ளத் தயாரிப்பாளர்கள் தயங்கமாட்டார்கள், கேமரா அதே இடத்தில்தான் இருக்கும்.