தேயிலை மரபணுத்தொகையும் பொருத்தல் மென்பொருளும்: வேகத்தைத் தேடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலையின் மரபணுத்தொகை ஏறத்தாழ 300 கோடி கார இணைகள் நீளமானது. ஏறத்தாழ மனித மரபணுத்தொகையின் அளவு. அதில் பாதிக்கு மேற்பட்ட பகுதி திரும்பத் திரும்ப வரும் தொடர்களால் ஆனது. இலையைத் தாக்கும் கொப்புள நோயைத் தாங்கும் செடிகளின் டிஎன்ஏயை வரிசைப்படுத்தி, கிடைத்த கோடிக்கணக்கான வாசிப்புத் துண்டுகளை (கருவி ஒரு தடவையில் படித்த சிறு டிஎன்ஏ எழுத்துத் தொடர்களை) ஒப்பீட்டுக்கான ஆதார மரபணுத்தொகையில் உரிய இடத்தில் பொருத்த, இலங்கையின் பேராதனையிலோ தலவாக்கலையிலோ ஒருவர் அமர்ந்தால், "இன்னும் ஓடி முடியவில்லை" என்பதே அவரது முதல் முறைப்பாடாக இருக்கும். வேகப்படுத்த வழிகள் பல உண்டு. அவற்றுட் சில, வேகத்தோடு விடையையும் மாற்றிவிடுகின்றன, மாற்றியதைச் சொல்வதுமில்லை.

எங்கே நேரம் செலவாகிறது என்று பார்க்காமலே பொருத்தும் மென்பொருளைக் குறை சொல்வது முதல் தவறு. பதினாறு த்ரெட்களை (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளை) கேட்டுவிட்டு, கணினியின் சுமையைக் காட்டும் டாப் கட்டளையில் நான்கு மட்டுமே உழைப்பதைக் கண்டால், அவை தரவுக்காகக் காத்திருக்கின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். சுருக்கிய கோப்பை விரிப்பதும் வன்தட்டில் எழுதுவதும் அங்கே தடையாக இருக்கும். பொருத்தலின் விளைவை முதலில் சாம் என்னும் உரைக் கோப்பாக எழுதி, பிறகு அதன் சுருக்கிய வடிவமான பாம் ஆக மாற்றி, அதன் பின்னர் வரிசைப்படுத்துவோர் ஒரே தரவை மூன்று தடவை வன்தட்டில் ஏற்றி இறக்குகிறார்கள். இடையில் கோப்பாக எழுதாமல், பைப் மூலம் நேரே சாம்டூல்ஸ் கருவியின் வரிசைப்படுத்தும் கட்டளையான சோர்ட்டுக்கு அனுப்பினால் அந்தச் சுமையின் பெரும்பகுதி போய்விடும். ஆனால் சோர்ட்டுக்குக் குறிப்பிடும் நினைவக அளவு ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனியானது என்பதை மறக்கக்கூடாது. இயல்பு அளவு 768 மெகாபைட். பதினாறு த்ரெட்களுக்கு 12 கிகாபைட் ஆகிவிடும். பொருத்தும் மென்பொருளும் அதே கணினியில் இண்டெக்ஸை (ஆதாரத்தில் விரைந்து தேடுவதற்கான அட்டவணையை) ஏற்றி வைத்திருப்பதால், சிறிய கணினி நினைவகம் போதாமல் வன்தட்டைப் பயன்படுத்தும் ஸ்வாப்புக்குப் போய் முன்னிலும் மெதுவாகிவிடும்.

அதிகம் கவனிக்கப்படாத தவறு, த்ரெட் எண்ணிக்கையைக் கூட்டினால் வேகம் மட்டுமே மாறும் என்று நம்புவது. பிடபிள்யூஏ மெம் என்னும் பொருத்தல் மென்பொருள் வாசிப்புகளைத் தொகுதி தொகுதியாக எடுக்கிறது. இயல்பாக ஒரு தொகுதியின் அளவு, ஒரு த்ரெட்டுக்கு ஒரு கோடி காரங்கள் என்ற கணக்கில் அமைகிறது. இணை வாசிப்புகளுக்கு (ஒரே டிஎன்ஏ துண்டின் இரு முனைகளிலிருந்தும் படித்தவற்றுக்கு) இடையிலான தூரத்தை அது ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் புதிதாக மதிப்பிட்டு, அந்த மதிப்பீட்டைக் கொண்டே ஐயமான துண்டுகளின் இடத்தைத் தீர்மானிக்கிறது. எனவே எட்டு த்ரெட்களில் ஓடியதும் முப்பத்திரண்டில் ஓடியதும் சில வாசிப்புகளை வெவ்வேறு இடங்களில் வைக்கலாம். கட்டளையின் பெரிய எழுத்துக் கே (-K) தெரிவில் 10 கோடி என்று தொகுதி அளவை நிலைப்படுத்திவிட்டால் இச்சிக்கல் தீரும். ஒரே ஆய்வில் பாதி மாதிரிகளை மடிக்கணினியிலும் மீதியைச் சேவையகத்திலும் ஓட்டுவோருக்கு இது விருப்பத் தெரிவன்று, கட்டாயம்.

ஆதாரத்தைச் சுருக்குவது இன்னொரு குறுக்குவழி. தேயிலை இலையிலிருந்து எடுத்த டிஎன்ஏயில் பச்சையவுருமணியின் (குளோரோபிளாஸ்ட்) டிஎன்ஏ ஏராளமாகக் கலந்திருக்கும். தமக்கு வேண்டியது உயிரணுக் கருவின் மரபணுத்தொகை மட்டுமே என்று அதை ஆதாரத்திலிருந்து நீக்கினால், அந்த வாசிப்புகள் மறைந்துவிடுவதில்லை. கருவுக்குள் பதிந்திருக்கும் ஒத்த துண்டுகளில் போய் ஒட்டிக்கொண்டு, இல்லாத மாறுபாடுகளைக் காட்டும். ஒரேயொரு நிறப்புரியில் (குரோமோசோமில்) மட்டும் பொருத்துவதும் இதே பிழைதான்.

திரும்ப வரும் தொடர்களைச் சீக்கிரம் கடந்துபோக, விதைத் துண்டின் (இடம் தேட முதலில் ஒப்பிடும் சிறு துண்டின்) நீளத்தைக் கூட்டுவோரும், பல இடங்களில் பொருந்தும் விதைகளை முன்னதாகவே கைவிடச் சொல்வோரும் உண்டு. ஆதாரத்துக்கு நெருங்கிய வகையில் பாதிப்பு குறைவு. விலகிய வகையில் பொருந்த வேண்டியவையே விடுபடும். மினிமேப்2 என்னும் இன்னொரு பொருத்தல் மென்பொருளில் நினைவகத்தை மிச்சப்படுத்த இண்டெக்ஸைப் பகுதிகளாகப் பிரிப்பதும் கவனத்துக்குரியது: பிற பகுதிகளில் உள்ள போட்டி இடங்களை அறியாமலே ஒவ்வொரு பகுதியும் விடை சொல்வதால், பொருத்தத் தர மதிப்பெண்கள் (வைத்த இடம் சரி என்பதில் மென்பொருளுக்கு உள்ள உறுதியின் அளவு) நம்பத்தகாதவையாகின்றன.

2019இல் வெளிவந்த பிடபிள்யூஏ மெம்2 பழைய பிடபிள்யூஏ மெம்மின் விடையையே தந்து வேகத்தை மட்டும் கூட்டுவதால், என் தெரிவு முதலில் அதுவே. இண்டெக்ஸ் கட்டுவதற்கு ஒரு காரத்துக்கு 28 பைட் தேவை. தேயிலைக்கு 84 கிகாபைட் வரும். அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. பெரிய கணினி ஒன்றில் ஒரு தடவை கட்டிப் பிரதி எடுத்து வந்தால் போதும், பொருத்தும்போது தேவைப்படுவது அதைவிட மிகக் குறைவு.

தென்மேல் பருவமழையில் மின்சாரம் போவது மலையகத்தில் வழமை. பாதியில் நின்ற பொருத்தல் விட்ட இடத்திலிருந்து தொடராது. அதனால் கோப்பைத் துண்டுகளாக்கி ஓட்டுவது நியாயமே. ஆனால் நகல் வாசிப்புகளை (ஒரே டிஎன்ஏ துண்டிலிருந்து மீண்டும் வந்தவற்றை) ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியே குறிப்பது தவறு. ஒரு வாசிப்பின் நகல் அடுத்த துண்டில் இருக்கக்கூடும். எல்லாவற்றையும் இணைத்த பிறகே குறிக்க வேண்டும்.

சோதிக்கும் முறையிலும் வழுக்கல் உண்டு. கோப்பின் தொடக்கத்து வாசிப்புகளை மட்டும் எடுத்து ஓட்டினால், அளக்கப்படுவது பெரும்பாலும் இண்டெக்ஸ் ஏறும் நேரமே. இரண்டாவது ஓட்டம் வேகமாகத் தெரிவது கோப்புகள் ஏற்கெனவே நினைவகத்தில் இருப்பதாலாகவும் இருக்கலாம். பொருந்திய வீதம் மாறவில்லை என்பதும் சான்றாகாது, ஏனெனில் தவறான இடத்தில் ஒட்டிய வாசிப்பும் பொருந்தியதாகவே எண்ணப்படும். டபிள்யூஜிசிம் போன்ற கருவியால் இடம் தெரிந்த செயற்கை வாசிப்புகளை உருவாக்கி, பழைய அமைப்பிலும் புதிய அமைப்பிலும் ஓட்டி, எத்தனை தம் இடத்துக்குத் திரும்பின என்பதைத் தர மதிப்பெண் வாரியாக ஒப்பிட வேண்டும்.