கூண்டின் மூலையில் ஒண்டும் கிளி: நாம் செய்யும் தவறுகள்

புதிதாக வந்த கிளி கூண்டின் ஒரே மூலையில் நாள்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தால், "ரொம்ப சாதுவான கிளி" என்று சொல்லிச் சந்தோஷப்படுகிறோம். பெரும்பாலும் அது சாதுத்தனம் இல்லை, பயம். பயந்த கிளியின் இறகுகள் உடம்போடு ஒட்டியிருக்கும், கழுத்து நீண்டிருக்கும், கண்கள் நம்மைவிட்டு நகராது. நிம்மதியான கிளி இறகைக் கொஞ்சம் தளர்த்தி ஒற்றைக்காலில் நிற்கும், உறங்கப்போகும் முன் அலகை மெல்ல அரைக்கும். ஆனால் நாள் முழுக்க இறகை உப்பிக்கொண்டு, சாப்பிடாமல் தூங்கி வழிந்தால் அது நோயின் அறிகுறி. அன்றே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.

சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் வீட்டுக்குக் கான்யூர் என்ற சின்னக் கிளி வகையின் குட்டி வந்த அன்று நான் செய்ததுதான் பலரும் செய்யும் முதல் தவறு. கூண்டு வெறுமையாக இருக்கக்கூடாது என்று மணி, ஊஞ்சல், கண்ணாடி, வண்ண மரக்கட்டைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொங்கவிட்டேன். குட்டி பின்பக்கக் கம்பியைப் பற்றிக்கொண்டு மூன்று நாள் அங்கேயே இருந்தது. கீழே இருந்த தண்ணீர்க் கிண்ணத்துக்கு அது இறங்கவே இல்லை என்பது இரண்டாம் நாள் மாலைதான் எனக்குத் தெரிந்தது. இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

காட்டில் கிளியைப் பிடித்துத் தின்ன வல்லூறும் பாம்பும் உண்டு. அதனால் தெரியாத பொருள் எதுவாக இருந்தாலும் முதலில் விலகி நிற்பதுதான் அதன் இயல்பு. நமக்கு அழகாகத் தெரியும் மணி அதற்கு இடையறாமல் ஆடும் அந்நியப் பொருள். புதுப் பொம்மையை முதலில் கூண்டிலிருந்து தள்ளி, சோபாமேல் வையுங்கள். கிளி பார்க்கும்போது நீங்களே அதை எடுத்து விளையாடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் பக்கத்து மேசைக்கு, அப்புறம் கூண்டுக்கு வெளியே கம்பி ஓரமாக, கடைசியில்தான் உள்ளே. உள்ளேயும் தீனிக் கிண்ணத்துக்கும் அது உறங்கும் கழிக்கும் பக்கத்தில் வேண்டாம். எந்தக் கட்டத்திலாவது உடம்பு விறைத்தால் ஒரு படி பின்வாங்குங்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளுக்கு இதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். அவசரப்படுத்த வேண்டாம்.

தீனியும் தண்ணீரும் முதல் நாள்களில் கிளி எங்கே உட்காருகிறதோ அங்கேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பசித்தால் தானாக இறங்கிவரும் என்று பட்டினி போடுவது கொடுமை, ஆபத்தும்கூட. சின்னப் பறவைகள் சீக்கிரம் சோர்ந்துவிடும். கிண்ணம் அங்கேயே இருக்க, கூடுதல் ருசிக்கு மட்டும் ஒரு சாண் தள்ளித் தினைக்கதிரைக் கட்டுங்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி, தேக்கா சந்தையில் வாங்கிய பயற்றங்காய் இரண்டையோ நன்றாகக் கழுவிய கங்கோங் கீரையையோ கம்பியில் செருகுங்கள். ஆசை அதை நடக்க வைக்கும். அவகாடோ மட்டும் ஒருபோதும் வேண்டாம், கிளிக்கு அது விஷம்.

சரி, கூண்டை எங்கே வைப்பது? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இடம் குறைவு, அதனால் பலர் சன்னல் ஓரத்திலோ சமையலறையிலோ வைத்துவிடுகிறார்கள். பல மாடி உயரத்துச் சன்னலில் பருந்து வட்டமிடும் நிழல் விழுந்தால் போதும், அன்று முழுக்கக் கிளி மூலையை விட்டு வராது. கூடத்தில் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி, நம் மார்பு உயரத்தில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் நாலா பக்கமும் காவல் காக்க வேண்டியதில்லை. வட்டக் கூண்டில் ஒதுங்க மூலையே கிடையாது, அதைத் தவிருங்கள். சமையலறை கூடவே கூடாது. ஒட்டாத பூச்சுள்ள சட்டி அதிகமாகச் சூடேறினால் வரும் புகை கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். சாம்பிராணி போடும் வீடுகளிலும் கவனம் வேண்டும், கிளியின் நுரையீரல் புகையைத் தாங்காது.

கைவிட்டுத் தூக்கி, "இங்கே வா, இதைப் பார்" என்று கிளியை ஊஞ்சலில் வைப்பது இன்னொரு தவறு. அதற்குப் பிறகு ஊஞ்சல், கை இரண்டுமே அதற்குப் பிடிக்காமல் போகும். நாம் சாப்பிடப் பயன்படுத்தும் உணவுக்குச்சி (சாப்ஸ்டிக்) ஒன்றை எடுத்து நுனியைக் கம்பிக்கு அருகே காட்டுங்கள். அலகால் தொட்டால் உடனே ஒரு சூரியகாந்தி விதை. தொடத் தொட, குச்சியை ஒரு கழி தள்ளி, இன்னொரு கழி தள்ளி நகர்த்துங்கள். ஐந்து நிமிடம் போதும். வர மறுத்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுக்கலாம் என்று தெரிந்த கிளிதான் துணிந்து வரும்.

கடையில் கூண்டோடு வரும் வழவழப்பான கழிகள் எல்லாம் ஒரே பருமன். நாள் முழுக்க அதில் நின்றால் பாதத்தின் அதே இடம் அழுந்திப் புண்ணாகும், கால் வலிக்கும் கிளி எங்கே சுற்றப்போகிறது? பருமன் மாறி மாறி வரும் கொய்யாக் கிளை அருமையானது. பூங்காவில் ஒடிக்காதீர்கள், அது குற்றம். மருந்து அடிக்காத சமூகத் தோட்டம் அருகில் இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள், பின்பு கழுவி வெயிலில் காயவைத்து மாட்டலாம்.

கழுவும் நாளில் எல்லாவற்றையும் இடம் மாற்றிவைக்கும் பழக்கமும் வேண்டாம். உறங்கும் கழியும் கிண்ணங்களும் பழைய இடத்திலேயே இருக்கட்டும், ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அமைதியான இருட்டு வேண்டும். இரவு பதினொன்று வரை டிவி ஓடும் கூடத்தில் கூண்டு இருந்தால், மாலையில் வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். எங்கள் குட்டி கீழ்க்கழிக்கு முதல் முறை தானாக இறங்கியது பத்தொன்பதாம் நாள் காலையில், நான் காப்பி ஆற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்திருந்தபோது.