பெல்டியருக்கு 12 வோல்ட் வேண்டாம், 6 போதும்

மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் டெக்1-12706 பெல்டியர் தகட்டை நேராக 12 வோல்ட்டில் மாட்டாமல், ஒரு பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) வைத்து 5 அல்லது 6 வோல்ட்டில் ஓட்டிப் பாருங்கள். மின்னோட்டம் பாதியானால் அது கடத்தும் வெப்பமும் ஏறக்குறைய பாதியாகும், ஆனால் தகடு தனக்குள்ளேயே உண்டாக்கும் சூடு கால்பங்காகிவிடும், அதனால் கரண்ட்டும் மிச்சம், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் சின்னதாக இருந்தாலே தாங்கும். மெதுவாக ஆன்-ஆஃப் செய்து சராசரியைக் குறைத்தால் இந்த லாபம் கிடைக்காது. ஓடும் நேரமெல்லாம் முழுச் சூடுதான்.

பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பார்க்க, துளி படியும்வரை குளிர்விக்கும் கண்ணாடிக்கு மட்டும் இந்தக் குறைந்த வோல்ட்டை நம்ப வேண்டாம். 30 டிகிரியில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் பனிநிலை 5 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், அவ்வளவு இறங்க அதிக மின்னோட்டமும் நல்ல ஹீட்சிங்க்கும் வேண்டும்.